பின்வாசல் பலகைப் படலம்

மினசோட்டாவின் வடகோடியில், எல்க் பெண்ட் என்ற ஏரிக்கரை ஊரில், ஒருவர் தன் வீட்டுப் பின்வாசலுக்குப் பலகை போட நினைப்பது அவருடைய சொந்த விஷயம் அல்ல. ஊரின் கௌரவம், மாநிலத்தின் தட்பவெப்பம், வருங்காலச் சந்ததியின் கண்ணுக்கு எது குளிர்ச்சி என்னும் கேள்வி எல்லாம் அதில் அடக்கம். இதை அறியாத டெல்மர் ஹோக்ஸ்டாட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மே மாதத்தில் தன் வீட்டு டெக்கைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

டெக் என்றால் பெரிய மாளிகை சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பின்கதவின் மட்டத்துக்கு உயர்த்திப் பலகை பரப்பிய மேடை, அவ்வளவுதான். டெல்மர் வீட்டுப் பலகை உளுத்துவிட்டது, உடனே அகற்றவும் என்று ஊராட்சியே ஆணை அனுப்பியிருந்தது. அகற்றினார். இப்போது பின்கதவைத் திறந்தால் இடுப்பளவு பள்ளம். முன்வாசல் படியோ செங்குத்து, அதுவும் வடக்குப் பார்த்த நிழல். அவர் மனைவி ஆர்டிஸுக்கு அந்த மார்ச்சில்தான் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள்.

"இந்தக் கோடையிலாவது வெளியில வெயில்ல உக்காந்து ஒரு காபி குடிக்கணும் டெல்மர்," என்றாள் ஆர்டிஸ். "அதுதான் கேக்குறேன். பாரிசுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கல."

"ஜூன் முடியறதுக்குள்ள போட்டுடலாம்," என்றார் டெல்மர். உலகத்தை நம்புகிற மனிதர்.

மரப்பலகை போடத்தான் முதலில் நினைத்தார். நினைத்ததை வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற லைலிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. லைலுக்கு எழுபத்தெட்டு வயது. தெருவில் முதன்முதலாகக் கலப்புப் பலகை போட்டவர் என்ற பெருமை அவருடையது. அன்றிலிருந்து வேறு எதையும் பற்றி அவர் பேசியதில்லை.

"மரமா?" என்றார் லைல், துக்க வீட்டுக் குரலில். "இந்தக் குளிருக்கு மரம் எப்படிப்பா தாங்கும்? உறையும், உப்பும், வெடிக்கும். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேத்த பலகைதான் இப்ப எல்லாரும் போடறாங்க. அம்பது வருஷ உத்தரவாதம்."

"அம்பது வருஷம் கழிச்சுக் கெட்டுப்போச்சுன்னா யாரு போய்க் கேக்கறது?"

"நான்தான்," என்றார் லைல், கொஞ்சமும் யோசிக்காமல். "ரசீதைப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"சரி, உக்காந்தா எப்படி இருக்கு?"

"உக்காந்ததில்ல. கோடையில சுடுது. குளிர்காலத்துல வழுக்குது. இரும்பு மண்வெட்டியால பனியைத் தள்ளினா கீறல் விழுமாம், அதனால ஏப்ரல் வரைக்கும் பனி அப்படியே கிடக்குது. ஆனா சமையலறை ஜன்னல்ல இருந்து பாக்க ரொம்ப நல்லா இருக்கு."

தெருவில் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரிக்கிற ஒரு பொருளைத் தான் மட்டும் வாங்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள்? டெல்மர் கலப்புப் பலகைக்கே மனு எழுதினார்.

ஊராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதிக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று மரவேலைக்கு, மற்றது செயற்கைப் பொருள்களுக்கு. சிக்கன நடவடிக்கையின் பேரில் இரண்டுக்கும் மார்லிஸ் என்ற ஒரே அம்மையாரை நியமித்திருந்தார்கள். எல்க் பெண்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. மார்லிஸ் அந்த ஊரிலேயே மிகவும் மரியாதையானவர் என்பதால், அவரிடம் காரியம் முடிந்தவர்கள் குறைவு.

"கலப்புப் பலகைங்களா? ரொம்ப சந்தோஷம்," என்றார் மார்லிஸ். "ஆனா இது மர ஜன்னல் பாருங்க. அதுல பிளாஸ்டிக் இருக்கு. பக்கத்து ஜன்னல்ல கேளுங்களேன்."

டெல்மர் இரண்டடி நகர்ந்தார். மார்லிஸும் நாற்காலியை உருட்டிக்கொண்டு இரண்டடி நகர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க. என்ன விஷயமா வந்தீங்க?" என்றார்.

"இப்பத்தானேங்க சொன்னேன்."

"அங்க சொல்லியிருப்பீங்க."

டெல்மர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மார்லிஸ் அக்கறையோடு கேட்டுக்கொண்டார். "இதுல மரத்தூள் இருக்கே. மர ஜன்னல்ல கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேன். அவங்கதான் இங்க அனுப்பினாங்க."

"அவங்களா?" மார்லிஸின் முகத்தில் மெல்லிய வருத்தம் படர்ந்தது. "அவங்க அப்படித்தான். கூட வேலை செய்யறவங்க, நான் ஒண்ணும் சொல்லக்கூடாது."

மத்தியானம் வரை டெல்மரும் மார்லிஸும் அந்த இரண்டடியில் போய்வந்து கொண்டிருந்தார்கள். கடைசியில் மார்லிஸுக்கே முதுகு பிடித்துக்கொண்டது. மேற்படி பலகை எந்தச் சாதியைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க இயலாத நிலையில், அதைக் குளிர்காலத் தகுதி ஆலோசனைக் குழுவின் மேலான பார்வைக்கு அனுப்பினார். குழுவின் தலைவர் வேறு யாருமில்லை, நம்ம லைல்தான்.

குழுவின் விதி எளிமையானது. பலகையின் மாதிரித் துண்டு ஒன்று, முழுக் குளிர்காலம் ஒன்றை அனுபவித்திருக்க வேண்டும்.

"இது ஜூன் மாசம் லைல்," என்றார் டெல்மர்.

"அதுதான் சிக்கல். குளிர்காலத்தை முன்னாடி கொண்டு வர நமக்கு அதிகாரம் இல்ல."

"கராஜ்ல உறைபெட்டி இருக்குல்ல?" என்றாள் ஆர்டிஸ், உள்ளேயிருந்து, வெறுப்பில். அவள் குத்தலுக்குத்தான் சொன்னாள். குழு அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டு ஒருமனதாக நிறைவேற்றியது.

அந்த ஊரில் கார் இல்லாத வீடுகூட இருக்கலாம், கராஜில் ஆள் படுக்கிற அளவுக்கு ஓர் உறைபெட்டி இல்லாத வீடு கிடையாது. டெல்மர் வீட்டுப் பெட்டியில் போன வருஷத்து மான் இறைச்சியும் ஏரி மீனும் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் பலகையைக் கிடத்தி மூடினார்கள். ஜூலை மாதத்தில், ஊரே வியர்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், குழு பரிசோதனைக்கு வந்தது. வழக்கமான உபயோக நிலையில் சோதிக்க வேண்டும் என்று விதி. ஆகவே லைல் பனிக்காலக் கோட்டும் கம்பளித் தொப்பியும் பூட்ஸும் அணிந்து, மடக்கு நாற்காலியோடு உறைபெட்டிக்குள் ஏறி, பலகைமேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையில் காபியும் வாங்கிக்கொண்டார்.

"பாத்து உக்காருங்க. கீழ மான் தொடை இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

"எப்படி இருக்குங்க?" என்றார் மார்லிஸ், பேனாவும் கையுமாக.

லைல் கண்ணை மூடி யோசித்தார். "ஜில்லுன்னு இருக்கு."

"குளிரில் பலகை குளிர்கிறது," என்று மார்லிஸ் எழுதிக்கொண்டார். துறை வரலாற்றில் இவ்வளவு தெளிவான முடிவு அதுவரை வந்ததில்லை. லைல் இறங்கத்தான் கொஞ்சம் நேரமானது. பூட்ஸ் பலகையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவர்கள் போனதும் ஆர்டிஸ் சொன்னாள், "பொணப்பெட்டி மாதிரி இருக்கிற அதுக்குள்ள நாற்காலி போட்டுக் காபி குடிக்க அந்த ஆளுக்கு வழி கிடைச்சிடுச்சு. எனக்கு வெயில்ல உக்கார வழியில்ல." அவள் குரல் உடைந்தது. டெல்மர் உறைபெட்டியை மூடிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஆனாலும் நிறம் என்று ஒன்று பாக்கி இருந்தது.

நிறங்கள் பன்னிரண்டு வந்தன, பன்னிரண்டும் பழுப்பு. வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு கிடந்த இயற்கை மரம்போல் தோன்ற வேண்டும் என்று குழு வழிகாட்டியது.

"நான் பிரிச்சுப் போட்ட டெக் அப்படித்தானே இருந்துச்சு?" என்றார் டெல்மர்.

"அது நிஜமாவே பழசு டெல்மர்," என்றார் லைல் பொறுமையாக. "நாம கேக்கறது புதுசா ஒரு பழசு."

ஆகஸ்டில் பொதுக்கூட்டம். ஆர்டிஸ் ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாச் சோதனையும் முடிந்து, பழுப்பும் முடிவாகி, லைல் எழுந்து நின்று மலர்ந்த முகத்தோடு, "அப்ப டெல்மர், இன்னைக்கே அனுமதி குடுத்துடட்டுமா?" என்றார்.

இங்கேதான் வந்தது வினை. எல்க் பெண்டில் மானமுள்ள எவரும், கொடுப்பதை முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்வதில்லை. கேக்கின் ஒரு துண்டானாலும் வேண்டாம், வேண்டாம் என்று இருமுறை சொல்லி, மூன்றாம் முறை, சரி, நீங்க இவ்வளவு சொல்றதால, என்று வாங்குவதே முறை. டெல்மர் ஒழுங்காக வளர்க்கப்பட்ட மனிதர்.

"ஐயோ, எனக்காக ஒண்ணும் சிரமப்பட வேணாம்," என்றது அவர் வாய்.

"சிரமம் என்னப்பா? இந்தா, குடுத்துடறோம்."

"பரவால்ல லைல். வேற யாருக்காவது அவசரமா இருந்தா அவங்களுக்கு முதல்ல பாருங்க."

ஆர்டிஸின் ஊன்றுகோல் தரையைத் தட்டியது. அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் கேள்விக்குக் காத்திருந்தது. லைலும் வாயைத் திறந்தார். மார்லிஸ் தொண்டையைக் கனைத்தார்.

"மன்னிக்கணும். ரெண்டு தடவைதான் கேக்கலாம். மூணாவது கேட்டா குடிமகனை வற்புறுத்தின மாதிரி ஆயிடும்."

அவர் அழகான கையெழுத்தில் எழுதினார்: மனுதாரர் மனமுவந்து மறுத்துவிட்டார். அடுத்த கூட்டம் அக்டோபரில். அக்டோபரில் அங்கே பனி விழ ஆரம்பித்துவிடும்.

காரில் பாதி தூரம் போனதும் ஆர்டிஸ், "ஆமா. ஒரு வார்த்தை. 'ஆமா'ன்னு சொல்ல உனக்கு என்ன கேடு?" என்றாள்.

"அப்படி வெடுக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"இல்ல. நான் உள்ளேயே கிடந்து சாகறது நல்லா இருக்கும்."

மறுநாள் காலை அவள் கேட்கவில்லை, உத்தரவு போட்டாள். வீட்டுப் பக்கவாட்டில் இழுவண்டிமேல் அவர்களுடைய தட்டைப்படகு நின்றது. ஏரியில் மெதுவாகச் சுற்றி வருவதற்கானது, மேலே சமதளம், சுற்றிக் கைப்பிடிக் கம்பி. டெல்மர் அதைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கதவோடு ஒட்ட நிறுத்தினார். கதவு மட்டமும் படகு மட்டமும் சொல்லிவைத்தாற்போல் பொருந்தின. ஆர்டிஸ் நடந்து வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து, காபி குடித்தாள். குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். டெல்மர் அன்று முழுதும் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

மார்லிஸ் பார்வையிட வந்தார். "இது வீட்டோட சேந்ததுங்களா?"

"படகுங்க," என்றாள் ஆர்டிஸ். "ஏரியோட சேந்தது."

"ஏரி அந்தப் பக்கமில்ல இருக்கு?"

"அதனாலதான் காத்திட்டிருக்கோம்."

அலுவலகத்தில் படகுக்கென்று ஜன்னல் எதுவும் இல்லாததால் மார்லிஸ் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தெரு இதை வேலிக்கு மேலே பார்த்தது. ஒருத்தி நிஜமாகவே வெளியே உட்கார்ந்திருக்கிறாள்! மறு வசந்தத்தில் பனி உருகியதும் உருகாததுமாக, படகுதான் இப்போதெல்லாம், என்று பேச்சுக் கிளம்பியது. படகை ஒட்ட நிறுத்த டெக் இடைஞ்சல். எனவே வீடு வீடாக டெக்கைப் பெயர்த்தார்கள். ஐம்பது வருஷ உத்தரவாதப் பலகைகளை லைலே முதலில் பெயர்த்துக் குப்பைக்கு அனுப்பினார். தலைவர் பதவியையும் விட்டார், படகுக்காரருக்கும் பலகைக் குழுவுக்கும் பொருந்தாது என்று. அந்த இடத்துக்கு அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று ஊர் தேடி, டெல்மரைப் பிடித்தது.

டெல்மர் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. நான் பட்ட பாடு இன்னொருவர் படக்கூடாது, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி விடுகிறேன் என்றுதான் போனார். முதல் குழுக் கூட்டத்தில், அதற்குள் குழுவின் பொறுப்பில் வந்துவிட்ட படகுகளின் கோப்புகளைப் பார்த்தார். சிவப்புப் படகு, பச்சைப் படகு, கோடு போட்ட படகு. பின்வாசல்கள் ஒரே சீராக இல்லையே என்று மனம் வருந்தினார். இரண்டாம் கூட்டத்தில் அவர் பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாம் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது: படகுகளுக்குப் பொதுவான நிறம் முடிவாகும் வரை, எல்லாப் படகுகளும் பின்வாசல்களிலிருந்து அகற்றப்படும். விதிவிலக்கு எவருக்கும் இல்லை.

ஜூன் மாதம் முதல் நல்ல வெயில் நாளன்று, டெல்மர் முன்மாதிரியாகத் தன் வண்டியிலேயே தன் படகை இழுத்துச் சென்றார். ஆர்டிஸ் நாற்காலியைக் கதவுக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்து பின்புறம் நின்று பார்த்தார். தெரு நெடுக வீட்டுக்கு வீடு திறந்த பின்கதவு. டெக்கும் இல்லை, படகும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆள், அந்தரத்தில் காலைத் தொங்கப் போட்டு, மடியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். லைல்கூட இருந்தார். ஒருவருக்கொருவர் கையசைத்துக் கொண்டார்கள்.

"நல்ல வெயில்!" என்றார் லைல்.

"இதைவிட மோசமா இருந்திருக்கலாம்!" என்று யாரோ ஊர் வழக்கப்படி பாராட்டினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

டெல்மருக்குக் கண் கலங்கியது. "பாத்தியா ஆர்டிஸ்? எல்லா வீடும் ஒரே மாதிரி. இத்தனை வருஷமா குழு கேட்டது இதைத்தான்."

"பாத்தேன். எனக்குக் கீழ இறங்கணும் டெல்மர். ஒரு ஏணி போடு."

டெல்மர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஏணிக்கு இன்னும் குழு போடலையே கண்ணு."

ஆர்டிஸ் கையிலிருந்த காபிக் கோப்பையைப் பார்த்தாள். பாதிக்குமேல் இருந்தது, சூடும் ஆறவில்லை. எட்டிக் குனிந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தலைவரின் தலையில் ஊற்றினாள்.

எங்கோ ஒரு பின்வாசலில், யாரோ கை தட்டினார்கள். யாரென்று குழு விசாரித்தது. இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.