நாற்பதாவது மீட்டரும் ஒரு கையுறையும்

டெலிமார்க், மார்ச் மாதம், செவ்வாய்

அன்புள்ள ஹால்வோருக்கு,

உன் அண்ணி குன்வோர் எழுதுவது. இறைவன் அருளால் நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. அதிலிருந்த எழுத்துப் பிழைகளை மன்னித்துவிட்டேன். என்னைப் போல உன்னைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்க வைக்கவில்லை, அது உன் குற்றமல்ல. மற்றதை மன்னிப்பதற்கில்லை.

ஞாயிறன்று மூத்தோர் ஸ்கீ தாவல் போட்டியில் நீ நாற்பத்திரண்டு மீட்டர் தாவியதாகவும், நான் நாற்பதில் கையைத் தூக்கிக் கோப்பையை நாற்பத்தொன்று தாவிய பல் டாக்டருக்குத் தாரை வார்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தூரம் பார்க்கும் நாங்கள் சரிவின் ஓரத்தில் ஆளுக்கொரு மீட்டர் பலகையருகே நிற்கிறோம். எங்கள் பலகைக்கு நேரே கால் பனியைத் தொட்டால் கை தூக்குகிறோம். கால், ஹால்வோர். நாற்பத்திரண்டில் இறங்கியது உன் கையுறை. உன் மனைவி ராக்னா பின்னிக் கொடுத்ததை இழுத்து மாட்டாமல் கிளம்பினாய், அது நடுவானில் உன்னைக் கைவிட்டு முன்னால் பறந்தது, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து நாற்பத்திரண்டாம் பலகையில் நின்ற ஓட்டார் அதைக் கண்டு கை தூக்கிவிட்டான், நீயோ அதற்குப் பின்னால் நாற்பதில் இரண்டு காலையும் சேர்த்து உருளைக்கிழங்கு மூட்டை போல விழுந்தாய். ஒரு கால் முன்னே, முழங்கால் மடங்க, கைகள் விரிய இறங்குவதற்கு நம் மாவட்டத்தின் பெயரை வைத்து டெலிமார்க் என்றே உலகம் அழைக்கிறது. அந்த மாவட்டத்துக்காரன் இறங்கிய அழகு அது.

தாவும் முன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த விளையாட்டுக்கே எங்க தாத்தாதான் பேரு வச்சாரு" என்றாயே, அதையும் திருத்தியாக வேண்டும். ஸ்கீஹொப் என்ற பெயரில் ஸ்கீ என்பது நம் முன்னோர் பிளந்த கட்டைக்குச் சொன்ன சொல். ஹொப் என்றால் தாவல். உன் தாத்தா பிறக்கும் முன்பே இந்த ஊரில் கட்டையும் இருந்தது, தாவலும் இருந்தது.

கடைசியாக, "கண்ணு தெரியலன்னா வாஃபிள் சுடற பக்கம் போயிடுங்க அண்ணி" என்று எழுதியிருக்கிறாய். அந்த நாற்பதாம் பலகை உன் அண்ணன் டோர்கெய்ருடையது. அவர் போன பிறகு நான் நிற்கிறேன். இப்போதைய பிள்ளைகள் என் தலைக்கு மேலே பறந்து எழுபதில் இறங்குகிறார்கள். என் கைக்கு வேலையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே நிற்கும்போது அவர் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சுவது போல இருக்கும். போகட்டும். இனி நான் வரப்போவதில்லை. சங்கத்தின் சிவப்புக் கோட்டைத் துவைத்து மடித்து இதனுடன் அனுப்புகிறேன்.

ராக்னாவுக்கு என் அன்பு. உனக்கு நல்ல புத்தியும் அதைவிட நல்ல முழங்காலும் கிடைக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
குன்வோர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ராக்னா பழுப்புப் பாலாடைக்கட்டியோடு வந்தாள். கோட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். "நாற்பதுல யாருமே இறங்குறதில்ல, உங்க பலகையப் பிடுங்கிடலாம்னு சங்கத்துல பேசினாங்க அக்கா. வர்ற ஞாயிறு ஒருத்தன் இறங்குவான் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தாரு இவரு. இந்த வயசுல வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல" என்றாள். கடிதத்தில் கத்தியதெல்லாம் பல் டாக்டரிடம் தோற்ற கடுப்பாம்.

கோட்டு அனுப்பவில்லை. ஆணியில் மாட்டியிருக்கிறேன். அடுத்த குளிர்காலம் நீ தாவ வேண்டாம். என்னோடு பலகையருகே வந்து நில், அங்கே இரண்டு பேருக்கு இடம் உண்டு. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வா.

நீ தாவியது நாற்பதுதான்.