முதுகு காட்டிய சிங்கம்

யார் மேல் எனக்கு அதிகக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. வரிசையில் முதலில் நிற்பவள் என் மனைவி செல்லபாய். அடுத்தவன் நெய்யாற்றின்கரையில் பழைய காசு வாங்கி விற்கும் சத்தியராஜ். மூன்றாவது ஒரு பஸ் கண்டக்டர். அவன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, கேரள எல்லையோரக் கொல்லயிலில் என் பழைய காசுகளோடு மானமாக வாழ்ந்து வந்தேன். காசுகள் ஓர் அலமாரி நிறைய உண்டு. அந்த அலமாரி மேல் செல்லபாய்க்கு நாலு வருஷமாகக் கண். அவளுடைய சேலைகளுக்கு இடம் இல்லையாம். பெட்டியில் கிடக்கட்டுமே. சேலை என்ன அழுகியா போகும்?

போன வாரம் மீன் வாங்க அவள் தந்த சில்லறையில் அந்தப் பத்து ரூபாய் இருந்தது. பார்த்ததும் மீனை மறந்துவிட்டேன். வெளிவளையத்தில் 'இந்தியா' என்று இருக்கும் பக்கத்தில், நடுவில் சிங்கம் இருக்க வேண்டும். இதில் பத்து என்ற எண் இருந்தது. சிங்கம் மறுபக்கம் போயிருந்தது. நாணயச்சாலையில், வளையத்துக்குள் பொருத்தும் நடு வில்லையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கோடியில் ஒன்று. அதுவும் என் கையில்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, காசைத் தூக்கிப் பிடித்து, கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைக் கால்மணி நேரம் சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். செல்லபாய் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் சவால் விட்டேன். இது நாணயச்சாலைப் பிழை இல்லையென்றால் அலமாரி அவளுக்கு. பிழைதான் என்றால், அலமாரி என்ற பேச்சையே அவள் எடுக்கக் கூடாது.

"செரி. எல்லாரும் கேட்டியளே," என்றாள்.

இன்று காலை பஸ் பிடித்து சத்தியராஜிடம் போனேன். லென்ஸை வைத்துப் பார்த்தவன் சிரித்தான். சிரிக்கிறான், எரிகிறது எனக்கு.

"எலியாண்ணா, வளையத்தையும் வில்லையையும் சேத்து வச்சு ஒரே அடியிலயாக்கும் ரெண்டு பக்கமும் அச்சு விழும். வில்லைய எப்படிப் போட்டாலும் சிங்கம் அதுக்க எடத்தில தான் இருக்கும். இது அச்சடிச்ச பெறவு யாரோ தட்டி எடுத்து மாத்திப் போட்டது. இன்னா பாருங்க, சுத்தியல் பட்ட தடம் உண்டு."

திரும்பும் வழியெல்லாம் பல்லைக் கடித்தேன். கொல்லயில் வருவதற்குள் வழி பிறந்தது. சத்தியராஜ் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரப்போவதில்லை. அவன் சொன்னது எனக்கு மட்டும்தானே தெரியும்?

வீட்டுப் படியிலேயே செல்லபாய் நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"நாணயச்சாலைப் பிழை தான். லட்சத்துக்குக் கொறையாதாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

உள்ளே போய்விட்டு வந்து கையை விரித்தாள். இன்னொரு பத்து ரூபாய். அதிலும் சிங்கம் இடம் மாறியிருந்தது.

"அப்பம் இதையும் வித்துட்டு வாருங்க. ரெண்டு லட்சம் ஆவும்."

அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளோ நிதானமாகச் சொன்னாள். போன மாதம் மார்த்தாண்டத்துக்குப் போனாளாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் களியக்காவிளை தாண்டியதும் கண்டக்டர், பத்து ரூபாய்க் காசு அங்கே செல்லாது என்று இவளை நடுவழியில் இறக்கிவிட்டானாம். நம் பக்கத்தில் செல்லுகிற காசு, ரெண்டு கிலோமீட்டரில் செத்துப்போகுமா? கொதித்துப்போய் வந்தவள், என் சுத்தியலை எடுத்து, அவன் வாங்க மறுத்த இரண்டு காசையும் பைப் துண்டு மேல் வைத்துப் போட்டாளாம் ஒரு போடு. நடுவில்லைகள் கழன்று விழுந்தன.

"எனக்கு ஒதவாத சிங்கம் முதுகக் காட்டிட்டு நிக்கட்டும்னு, மாத்தி வச்சு அடிச்சேன்."

"அத அண்ணைக்கே சொல்லப்பிடாதாட்டி?" என்று கத்தினேன்.

"சொல்ல வந்தேன். நீங்க சாட்சி சொல்லிட்டு இருந்திய. சாட்சிக்க எடையில பேசப்பிடாதுல்லா."

பொய்ச் சத்தியம் வேறு செய்துவிட்டேன். இனி யாரிடம் எகிற? ஒரு வாரம் தவணை கொடு, அலமாரியை ஒழித்துத் தருகிறேன் என்று உறுமிவிட்டு அறைக்குள் போனேன்.

நான் காலையில் பஸ் ஏறியதுமே அவள் அலமாரியில் தன் சேலைகளை அடுக்கி முடித்திருந்தாள்.