ஒட்டகச்சிவிங்கிக்கு அனுமதி இல்லை

"என்னங்க, படம் வரையற ப்ரோக்ராம் பென் டிரைவைப் பார்க்க மாட்டேங்குது."

மனைவி இதைச் சொன்னபோது காலை ஒன்பதே கால். கமாண்டர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கூப்பிடுவதற்காகவே காத்திருந்தவர் போல மூக்குக்கண்ணாடி ஏற்கெனவே மூக்கின் மேல் இருந்தது.

கமாண்டர் என்றதும் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். கம்ப்யூட்டரில் மௌஸைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, கருப்புத் திரையில் கட்டளை தட்டியே எல்லாக் காரியத்தையும் செய்வார். அதனால் மைத்துனர் கிண்டலாக வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

மனைவி சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். இருபத்துநான்கு படங்கள் மாலை ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். இத்தனை வருடமாக உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்துகொண்டிருந்த அவள் பெயர், இந்தப் புத்தகத்தில்தான் முதன்முறையாக அட்டையில் வரப்போகிறது. ஐந்தைத் தாண்டினால் வேறு ஓவியரைப் பார்த்துக்கொள்வோம் என்று பதிப்பகம் கறாராகச் சொல்லியிருந்தது. இதற்காகவே கமாண்டர் இன்று லீவு போட்டிருந்தார். மனைவிக்கு அவசர வேலை என்றால் அவர் தவறாமல் லீவு போட்டுவிடுவார்.

மூன்று வருடம் முன்பும் இப்படித்தான் ஓர் அவசர நாளில் லீவு போட்டு உதவினார். அந்த உதவியில் ஒரு புத்தகத்துக்கான படங்கள் முழுசாகக் காணாமல் போயின. அடுத்த வாரமே கீழறைக் கம்ப்யூட்டரை முழுக்க அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, மாடியில் பாட்டுக் கேட்க என்று தனக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொண்டாள். இவ்வளவு நடந்த பிறகும் இத்தனை நம்பிக்கையா என்று அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது கோளாறே இல்ல, பாதுகாப்பு" என்றார் கமாண்டர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஒவ்வொரு ப்ரோக்ராமையும் தனித்தனிப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். அது பெட்டிக்குள்ள என்ன கூத்தடிச்சாலும் வெளிய ஒரு தூசுகூட அசையாது. வெளிய இருக்கிறதைத் தொடணும்னா நான் அனுமதி கொடுக்கணும்."

"அப்படியா? ரொம்ப நல்ல ஏற்பாடா இருக்கே" என்று அவள் மனதாரச் சொன்னாள். பிறகு துணி மடிக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

செட்டிங்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் அனுமதி கிடைத்துவிடும். அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்பதுதான் கமாண்டருக்கு அதில் உள்ள குறை. அவர் கட்டளை தட்டினார். பெட்டிக்குள் இருக்கும் ப்ரோக்ராமுக்கு முழுப் பெயர் நீளம். முகவரியைத் தலைகீழாக எழுதிப் புள்ளி வைத்துப் பிரித்தது போல இருக்கும். அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். கருப்புத் திரை அதை ஆட்சேபிக்கவில்லை. உலகத்திலேயே இல்லாத ஒரு ப்ரோக்ராமுக்கு மரியாதையாக அனுமதி வழங்கிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

பென் டிரைவ் அப்போதும் தெரியவில்லை. இதே எழுத்தை விட்டுவிட்டு இதே கட்டளையைப் பதினோரு முறை தட்டிய பிறகு, தவறு தன்னிடம் இல்லை என்று கமாண்டர் தீர்மானமாக முடிவுக்கு வந்தார். ப்ரோக்ராம் வெளியே வராவிட்டால் படம் உள்ளே போகட்டும். இருபத்துநான்கு படங்களையும் ப்ரோக்ராமின் பெட்டிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது ஸ்டோர்ஸ்காரருக்கு ஆகாது. ஆகவே பென் டிரைவில் இருந்ததைச் சுத்தமாகத் துடைத்து அழித்தார்.

படம் திறந்தது. கழுத்துக்கு மப்ளர் சுற்றிய ஓர் ஒட்டகச்சிவிங்கி புல்வெளியில் நின்றது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. எல்லா ஒட்டகச்சிவிங்கியும் ஒரே ஜாடைதானே என்று விட்டுவிட்டார்.

அவர் கூப்பிட்ட குரலுக்கு மனைவி இறங்கி வந்தாள். மணி பதினொன்று. விரலில் ஏதோ நீலமாகத் தீற்றியிருந்தது. படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"திறந்துருச்சு. ஆனா அந்தப் பச்சை கொஞ்சம் வெளிறின மாதிரி இல்ல?"

கமாண்டர் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். பச்சை பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஓவியக்காரி. பார்க்கப் பார்க்க அவருக்கும் வெளிறத் தொடங்கியது.

"நீ கவலையே படாதே. எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டா சரியாயிடும்."

"எல்லாத்தையுமா? நேரம் ஆகுமே."

"ரெண்டு மணி நேரம்."

"மெதுவாவே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மாடிக்குப் போனாள். ஒரு வீட்டில் இவ்வளவு துணி எங்கிருந்து வருகிறது என்று கமாண்டர் வியந்தார்.

அப்டேட் கட்டளைக்கு நாற்பத்துமூன்று உருப்படிகள் வரிசையில் வந்து நின்றன. பெட்டிக்குள் வாழும் ப்ரோக்ராமுக்கு அக்கம்பக்கத்தில் எதையும் இரவல் வாங்கும் பழக்கம் இல்லை. தனக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான் மொத்தத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். பழையதைக் காலி செய்வதற்கு முன் புதியது குடியேறும். முப்பத்தோராவது உருப்படியில் ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று திரை கைவிரித்தது. படம் வரையும் ப்ரோக்ராம் பாதி பழசும் பாதி புதுசுமாக நின்று, திறக்க மறுத்தது.

மணி இரண்டரை. சாப்பாட்டுத் தட்டு மேஜையில் அப்படியே இருந்தது. அவர் வேர்த்துக்கொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். ஆகிவிடுமா என்று கேட்டாள். ஆகிவிடும் என்றார். அவசரமில்லை என்றாள். ஐந்து மணிக்குக் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது அவசரமில்லை என்கிறாளே, இவள் மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டார். எப்படியாவது முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற வெறி வந்தது. அந்த வெறியில் பழுதான ப்ரோக்ராமை அடியோடு கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தார்.

கழற்றும்போது திரை ஒரு கேள்வி கேட்டது: இதன் பெட்டிக்குள் இருக்கும் சரக்கையும் சேர்த்து அழிக்கட்டுமா?

கமாண்டர் சுத்தக்காரர். அழி என்றார். கருப்புத் திரை ஒருமுறைதான் கேட்கும். சொன்ன வேலையை ஒரே நொடியில் முடித்துவிட்டு, பாராட்டுக்குக்கூட நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

புது ப்ரோக்ராம் இறங்கி ஏறி உட்கார நாலரை ஆனது. இந்த முறை மின்னல் வேகத்தில் திறந்தது. கமாண்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டு படத்தைத் தேடினார். ஒட்டகச்சிவிங்கி இல்லை. புல்வெளி இல்லை. வெளிறிய பச்சைகூட இல்லை. பென் டிரைவைச் செருகினார். காலையில் அவர் துடைத்த துடைப்பில் அது பளிச்சென்று இருந்தது.

படங்களைப் பெட்டிக்குள் வைத்தது யார், பெட்டியோடு அழிக்கச் சொன்னது யார் என்று யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு அழுகை வந்தது. நான்கு மாத உழைப்பு. சாப்பிடும்போதும் இடது கையால் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருந்தாள். அட்டையில் பெயர் வரும் என்று அவளுடைய அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் குரல் எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் என்ன நடந்தாலும் வெளியே தூசு அசையாது என்று காலையில் சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மாடிக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். மாடிப்படி வரை நடந்தார். முதல் படியில் கால் வைத்து எடுத்தார். இரண்டு முறை.

அப்போது மேஜையில் சார்ஜில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. திரையில் பதிப்பகம் என்று வந்தது. மணி நாலே முக்கால். அவர் எடுத்தார்.

புத்தகப் பக்கங்களை அமைக்கும் பெண் பேசினாள். மேடம் இல்லையா என்று கேட்டாள். மாடியில் இருப்பதாகச் சொன்னார். நீங்கள் யார் என்று கேட்டாள். செய்து வைத்திருக்கும் காரியத்துக்கு, புருஷன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்தவன்மா" என்றார். "அந்தப் படங்க விஷயமா... மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. அது வந்து..."

"படம்தான் இருபத்துநாலும் வந்துருச்சே. கடைசி நாலு இப்பதான் வந்துச்சு, பிரமாதமா இருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அட்டைக்கும் சரின்னுட்டாங்க."

கமாண்டர் மாடியை அண்ணாந்து பார்த்தார். பாட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"நல்லவேளை நீங்க எடுத்தீங்க, உங்ககிட்டயே கேட்டுடறேன்" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "மேடம் அவங்க வீட்டுக்காரர் நோண்டறதுக்குன்னே கீழ தனியா ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்து, வேலை நெருக்கடி வரப்பெல்லாம் அதுல பழைய படத்தை வச்சு ஒரு கோளாறையும் பண்ணி விட்டுடுவாங்களாமே, அதே மாதிரி எங்க மேனேஜருக்கும் ஒண்ணு செட் பண்ணித் தருவீங்களா?"