பத்துவிரல் ரைட்டரின் மூன்று பட்டைக் குழல்

தன் மேல் ஒரு கீறல்கூட விழாமல் மரவேலை செய்து, ஒரு தெருவையே நடுங்க வைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் அடுத்த வீட்டுக்காரர், பத்துவிரல் ரைட்டர்.

பத்திரம் எழுதிப் பிழைப்பவர். விரல் போனால் பிழைப்பும் போச்சு. ஆனாலும் வீட்டின் பின்கட்டில் பட்டறை வைத்திருந்தார். ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும், சமையலறையில் இருக்கும் மனைவிக்குக் கேட்கும்படி விரல்களை எண்ணுவார். அது கல்யாணமான புதிதில் அவர் மனைவி, எனக்கு மதினி முறை, போட்ட நிபந்தனை. வருஷம் ஆக ஆக மதினிக்குக் காது மந்தமானது, மதினியின் பேச்சும் ரைட்டரின் குரலும் சேர்ந்தே உயர்ந்தன. ‘பத்து’ காதில் விழுந்த பிறகுதான் தெருவில் எல்லாரும் அடுத்த வாய் சோறு உண்பார்கள்.

இந்த லட்சணத்தில், மதினி காதில் வைத்துக் கேட்க, கூம்பு மாதிரி வாய் அகன்ற ஒரு காதுக்குழல் செய்யக் கிளம்பினார். ராஜபாளையம் ராவுத்தர் கடையிலிருந்து காலித் தேயிலைப் பெட்டி வந்தது. மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த பலகை. இப்போது பிளைவுட் என்கிறோம்.

“எட்டுப் பட்டையா செஞ்சா உருண்டையா வருமே, அண்ணாச்சி?” என்றேன்.

“எட்டுன்னா பதினாறு ஓரம் அறுக்கணும். மூணுன்னா ஆறுதான். எம்புட்டு ஆபத்து கொறையுது பாத்தியா!”

கணக்கு சரிதான். ஆனால் பட்டை குறையக் குறைய ஓரத்தின் சரிவு கூடும் என்பதை மறந்துவிட்டார். எட்டுப் பட்டைக்கு லேசாகச் சாய்த்து அறுத்தால் போதும். மூன்று பட்டைக்கு ஓரத்தைக் கத்தி மாதிரி சீவியாக வேண்டும். ரம்பம் பலகையில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு கையைத் தேடி வந்தது.

ரைட்டர் இரண்டு நாள் யோசித்தார். சரிவாகச் செதுக்கிய கட்டையில் பலகையைச் சாய்த்து, அடியில் ஒரு வீண் பலகை கொடுத்து, கயிற்றால் இறுக்கி ஆப்பு அடித்தார். இனி ரம்பம் நேராக இறங்கினால் சரிவு தானாக வரும். விளிம்பில் மரச் சிம்பு பெயராமலிருக்கக் கோட்டில் முதலில் கத்தியால் கீறினார். பிறகு ரம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?”

“ஏலே, தள்ளிப் போ! ரெண்டு கையும் ரம்பத்துல இருந்தா அறுபடக் கை ஏது? நீ பிடிச்சா ஒண்ணு வந்துரும்லா.”

ஆறு ஓரத்துக்கும் ஆறு முறை எண்ணினார். ஒட்டிக் காயவைத்த குழலை மதினியிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு பிடி வேண்டுமென்று ஏழாவது அறுப்பைத் தொடங்கினார்.

நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “எட்டு... ஒம்போது...” அப்புறம் சத்தமே இல்லை.

எச்சில் கையோடு ஓடினேன். பட்டறையில் ரைட்டர் பத்து விரலையும் விரித்தபடி நின்றார். எல்லாம் இருந்தன. கண்தான் கலங்கியிருந்தது. சமையலறை வாசலில் மதினி, காதில் குழலோடு.

“ஒம்போதுன்னு கேட்டுச்சு, பத்துன்னு நான்தான் சொன்னேன். இவுக ஏன் இந்தக் கத்து கத்துதாக? காது வலிக்கு.”

மதினி இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது.

அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஓடினேனே, அப்போதுதான் எனக்கே தெரிந்தது.