மூடி போடாத பீப்பாய்

சாராய வடிகலனிலிருந்து வந்த முதல் கோப்பையை டேனெஷ் முற்றத்தில் கொட்டினார். முதல் வடிப்பு நஞ்சு, குடிக்கக் கூடாது என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கோழிக்குத் தெரியாது. ஓடி வந்து ஒரு கொத்துக் கொத்தியது. அப்படியே நின்றது. பிறகு முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்து போய்க் கூண்டுக்குள் படுத்துக்கொண்டது. நாலு நாள் முட்டை இல்லை. ஐந்தாம் நாள் இட்ட முட்டை புளித்தது.

வேலிக்கு மேலே அம்ப்ரூஷின் தொப்பி தெரிந்தது. ஐம்பது வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர்.

"வாடை தெருமுனை வரைக்கும் வருதேடா. என்ன, பூனை செத்துப் போச்சா?"

"ஆப்ரிகாட்."

"ஆப்ரிகாட் எப்படா செத்துச்சு?"

டேனெஷ் உள்ளே போனார். சமையல் மேடையில், மனைவி வில்மா ரொட்டி மாவு பிசைந்த இடத்தில், அந்தச் சின்னச் செம்பு வடிகலன் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தபாலில் வந்த சாமான். கூடவே வந்த கையேடு பதினொரு மொழிகளில் இருந்தது, ஹங்கேரிய மொழி தவிர. படங்களைப் பார்த்துத்தான் பூட்டினார். படத்திலிருந்தவன் சிரித்துக்கொண்டே பூட்டினான். அது ஒன்றுதான் டேனெஷுக்கு வரவில்லை.

வில்மா போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

அலமாரியில் பாலிங்கா என்ற பழச்சாராயத்தில் ஒரே ஒரு புட்டி மிச்சம். போன வருடத்து ஆப்ரிகாட் பழத்தில் வடித்தது, அவள் கையால் கொண்டுவந்தது. அதில் மூன்று விரல் உயரத்துக்குச் சாராயம் இருந்தது. நவம்பர் முதல் தேதி ஊரே மெழுகுவத்தியும் செவ்வந்தியுமாகக் கல்லறைக்குப் போகும். அன்றைக்கு வில்மாவின் கல்லில் ஒரு சின்னக் கிண்ணம் ஊற்ற வேண்டும். திரும்பி வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கொடுக்க வேண்டும். அதுவும் இந்த வருடத்து ஊறலில் வடித்ததாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

"இந்த வருஷம் நானே வடிச்சு எடுத்துட்டு வரேன், வில்மா."

வில்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நர்ஸை வரவழைத்தது. எல்லாம் அடங்கிய பிறகு அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"டேனெஷ்... பீப்பாய்க்கு மூடி போடு."

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. பாவம், புத்தி தடுமாறிவிட்டது என்று டேனெஷ் எல்லாரிடமும் சொல்லி அழுதார். ஏனென்றால் பீப்பாய்க்கு மூடி போடுவது அவருடைய கோர்மோஷ் குடும்பத்தில் கிடையாது. ஆப்ரிகாட் ஊறல் மாதா கோயில் மணியைக் கேட்டுக்கொண்டே புளிக்க வேண்டும். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார். தாத்தாவும் அப்படித்தான். மூடினால் பழத்துக்குக் காது அடைத்துப்போகும்.

அடுத்த ஊர் வடிசாலைக்கு ஊறலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரே நாளில் வடித்துத் தருவார்கள். ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறது. டேனெஷால் முடியாது. முப்பத்தியொரு வருடத்துக்கு முன்னால் வடிசாலைக்காரன் திஹமேர் அவருடைய பீப்பாயை முகர்ந்து பார்த்து, பத்துப் பேர் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"கோர்மோஷ், இதை என் செம்புல ஊத்த மாட்டேன்யா."

டேனெஷ் ரயில்வே கேட் காவலர். ரயிலையே நிறுத்தி வைத்த மனிதர். அன்றைக்கே பீப்பாயைத் திருப்பிக்கொண்டு வந்து, இனி அந்த வாசல்படி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். மறுநாள் வில்மா அதே பீப்பாயைக் கைவண்டியில் வைத்துத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள். சாயங்காலம் வெறும் பீப்பாயும் நாலு புட்டிப் பாலிங்காவுமாக வந்தாள். டேனெஷ் ஒரு வாய் வைத்தார். பொன்! கோடைகாலத்தை உருக்கி ஊற்றின மாதிரி இருந்தது.

"பாத்தியா! அதே ஊறல்தான? பொறாமை பிடிச்ச பய, வாயால சொன்னான் பாரு, மாட்டேன்னு!"

"ஆமா, டேனெஷ்," என்றாள் வில்மா.

அந்த வருடம்தான் அடுத்த ஊரிலிருந்த அவளுடைய சித்தி மகளுக்குக் கால் வலி வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும், சரியாக ஆப்ரிகாட் பழுக்கிற பத்து நாள், வில்மா காலுக்குக் கட்டுப்போடப் போய்விடுவாள். நகமெல்லாம் மஞ்சளாகத் திரும்பி வருவாள். கேரட் அரைத்துக் கட்டினேன் என்பாள். வில்மாவின் அடக்கத்தன்று அந்தச் சித்தி மகள் பெரிய மலர்வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கிலோமீட்டர் விடுவிடுவென்று நடந்தே வந்தாள். கேரட்டுக்கு இத்தனை மகிமையா என்று அந்தத் துக்கத்திலும் டேனெஷ் வியந்துபோனார்.

இப்போது வடிகலன் சொட்டிக்கொண்டிருந்தது. நடு வடிப்பை ஒரு கரண்டியில் பிடித்தார். பழைய புட்டியிலிருந்தும் ஒரு கரண்டி. இரண்டையும் மாற்றி மாற்றி நக்கினார். ஒன்று வில்மா. இன்னொன்று தீப்பிடித்த ஊறுகாய்க் கடை.

"அடி பிடிச்சிருக்கு. புளிப்பும் இருக்கு," என்றார் அம்ப்ரூஷ். எப்போது வேலி தாண்டினார் என்று தெரியவில்லை. "உனக்கு நெஞ்சு புளிச்சா என்ன செய்வே?"

"சோடா உப்பு."

"அதேதான். வயித்துக்குத் தெரிஞ்ச வைத்தியம் பாத்திரத்துக்குத் தெரியாதா?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் புது ஊறலை வடிகலனில் ஊற்றினார்கள். ஆவி கசியாமலிருக்க மூட்டில் மாவு பிசைந்து அப்ப வேண்டும் என்றார் அம்ப்ரூஷ். வில்மாவின் மாவு டப்பாவே காலியாகிற அளவுக்கு அப்பினார்கள். மேலே மூடியைப் பொருத்துவதற்கு முந்தின நொடியில் டேனெஷ் அரைப் பொட்டலம் சோடா உப்பைக் கொட்டினார்.

ஊறல் ஒரு நொடி யோசித்தது. பிறகு எழுந்து நின்றது.

நுரை என்றால் இப்படி அப்படி நுரை இல்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு, விட்டத்தைத் தொட்டு, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சமையலறைக் கதவு வழியாக வெளியே போயிற்று. முற்றத்தில் கோழி அதைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை முன்பக்கமாகவே ஓடியது.

"வேலை செய்யுதுடா!" என்றார் அம்ப்ரூஷ், நுரைக்குள்ளிருந்து.

இரண்டு பேரும் முழங்காலில் உட்கார்ந்து அன்று முழுக்கத் தரையைத் துடைத்தார்கள். துடைக்கிற துணி வில்மாவின் பழைய ஏப்ரன் என்பதைப் பாதியில்தான் டேனெஷ் கவனித்தார். கழுவிக் காயப்போட்டார். பிறகு தன்னுடைய சட்டையைக் கழற்றி அதால் துடைத்தார்.

"டேனெஷ், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றார் அம்ப்ரூஷ். "இந்தத் தெருவுல பெருமைப்பட ரெண்டே விஷயந்தான் இருந்துச்சு. உன்னோட பாலிங்கா. வில்மாவோட வெள்ளரிக்காய் சாலட். அது போயிடுச்சு. இதையாவது காப்பாத்தணும்."

"சாலட் நானும் செஞ்சு பாத்தேன்."

"அப்புறம்?"

"அவ வினிகர் ஜாடி காலி. கடையில வாங்கி ஊத்தினேன். வெள்ளரிக்காய்க்கே அழுகை வந்துருச்சு."

"அதெல்லாம் கை வாகுடா."

"பழம் சீவற கத்தி இருந்தா நல்லா வந்திருக்கும். பிடியில நீல நூல் சுத்தினது. அதைத்தான் நீ எடுத்துட்டுப் போயிட்டியே."

"டேய், முப்பது வருஷமாச்சு! நான் எடுக்கலன்னு எத்தனை தடவை சொல்றது? அந்தக் கத்திக்காக ரெண்டு கோடை என்கூடப் பேசாம இருந்தே!"

"மூணு கோடை," என்றார் டேனெஷ்.

மூன்றாவது தடவை புளிப்பு இல்லை. சோப்பு வாடை வந்தது. சோப்பைப் போக்க ஓக் மரச் சில்லு போட்டதில் மேசை நாற்காலி வாடை வந்தது. மேசை நாற்காலியைப் போக்கத் தேன் ஊற்றியதில் பக்கத்து மூன்று தெருக் குளவிகளும் வந்தன. வந்தவை குடித்தன. ஜன்னலை நோக்கிப் பறந்து, ஜன்னலுக்கு அரை மீட்டர் முன்னாலேயே மோதி விழுந்தன.

ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டுப் பார்க்க டேனெஷ் பழைய புட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தார். மூன்று விரல் இரண்டானது. இரண்டு ஒன்றானது. அக்டோபரும் பாதி போயிற்று. அந்தக் கடைசி ஒரு விரலைத் தினமும் எடுத்துப் பார்த்தார். மூடியைத் திறந்து வாசனை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பார். அந்த வாசனையில் சாப்பாட்டு மேசை இருந்தது. எதிரில் நாற்காலி இருந்தது. நாற்காலியில் ஆள் இருந்தாள்.

"எனக்கு இப்பத்தான் புரியுது," என்றார் அம்ப்ரூஷ் ஒரு நாள், பெரிய விஷயம் கண்டுபிடித்தவர் முகத்தோடு. "பால் எப்படித் தயிராகுது?"

"உறை ஊத்தினா."

"உறை எது?"

"நேத்துத் தயிர்."

"அவ்வளவுதாண்டா! புதுசுக்கு ஒண்ணும் தெரியல. பச்சைப் புள்ளை. பழசுல கொஞ்சம் ஊத்து. அது கத்துக் கொடுத்துரும்."

டேனெஷ் நெடுநேரம் யோசித்தார். கேட்டைத் திறப்பதா மூடுவதா என்று முப்பத்தெட்டு வருடம் யோசித்த மூளை. பிறகு பழைய புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு லிட்டர் புது வடிப்பில் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். மூன்று நாள் போர்வை சுற்றி அடுப்போரம் வைத்தார்கள்.

நாலாம் நாள் காலையில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். சோப்பு, மரம், தேன், புளிப்பு எல்லாம் இருந்தன. வில்மா இல்லை.

அம்ப்ரூஷ் அவருடைய முகத்தைப் பார்த்தார்.   தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக வாசல் வழியாக வெளியே போனார்.

டேனெஷ் காலிப் புட்டியைக் கழுவவில்லை. அதை அவளுடைய நாற்காலியில் வைத்தார்.

"ஊத்திட்டேன், வில்மா," என்றார். "எல்லாத்தையும் ஊத்திட்டேன்."

பீப்பாயில் பாதி ஊறல் இன்னும் மிச்சம் இருந்தது. அன்றைக்கே கைவண்டியை எடுத்தார். பீப்பாய்க்கு ஒரு பலகையை மூடியாக வைத்தார். வழியில் சிந்தாமலிருக்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலு கிலோமீட்டர் மணல் பாதை. வண்டி பத்தடிக்கு ஒரு தடவை புதைந்தது. இதை ஒற்றைப் பெண்பிள்ளை முப்பத்தியொரு வருடம் எப்படித் தள்ளினாள் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வடிசாலை வாசலில் எதெல்கா என்ற பெண்மணி தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பீப்பாய்களை நிறுத்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. டேனெஷைப் பார்த்ததும் கையிலிருந்த சாக்குத்துண்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே... நீங்களா?"

"திஹமேர் இருக்கானா?"

திஹமேர் வெளியே வந்தான். அவனும் கிழவனாகியிருந்தான். டேனெஷ் வண்டிப் பிடியை விடாமல், நேராக நிமிர்ந்து, ரயில் வருவதை அறிவிக்கிற குரலில் சொன்னார்:

"சத்தியம் பண்ணியிருந்தேன். உடைச்சிட்டேன். வருஷா வருஷம் வில்மா கொண்டு வந்த அதே மரம், அதே பீப்பாய், அதே ஊறல். வருஷா வருஷம் வடிச்ச மாதிரியே வடிச்சுக் கொடு. ஒரு புட்டி போதும். அவ கல்லுல ஊத்தணும்."

திஹமேர் பலகையைத் தூக்கி முகர்ந்தான். இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை. கண்ணைத்தான் பொத்திக்கொண்டான். உள்ளே போய்விட்டான்.

"ஏன், மறுபடியும் மாட்டேங்கிறானா?" டேனெஷின் குரல் உடைந்தது. "அப்ப அவளுக்கு மட்டும் எப்படி வடிச்சுக் கொடுத்தான்?"

 எதெல்கா அவருடைய முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனாள். அங்கே ஜூலையில் பெண்கள் கூலிக்கு உட்கார்ந்து பழத்தில் கொட்டை எடுக்கிற நீளப் பெஞ்சு. சுவரில் வரிசையாகக் கத்திகள். மூலையில், ஆள் வராத ஒரு முக்காலிக்கு மேலே, பிடியில் நீல நூல் சுற்றின ஒரு கத்தி தொங்கியது.

டேனெஷ் அதைக் கையில் எடுத்தார். நூல் தேய்ந்து, அவளுடைய விரல்களின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"இது எங்க வீட்டுக் கத்தி," என்றார் மெதுவாக. "இது எப்படி இங்க வந்துச்சு?"

எதெல்கா தலையில் கட்டியிருந்த துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க குடிச்சது அந்தக் கத்தி சம்பாதிச்சதுண்ணே, உங்க ஊறலை நீங்க முப்பத்தியொரு வருஷமா வினிகரா வெள்ளரிக்காய் சாலட்ல ஊத்தித்தான் சாப்பிட்டீங்க."