எலுமிச்சை மரத்தடிக் குழி விஷயமாகச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ப்ரோத்ரொமோஸ் அவர்களுக்கு,

தீவிலிருந்து ஸ்தமாத்திஸ் எழுதுவது. மாதாவின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். தெசலோனிக்கியில் தாங்களும் தங்கள் மூட்டுவலியும் சமாதானமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் மகன் வழக்கம்போல் சரக்குக் கப்பலில், எந்தக் கடலிலோ. தங்கள் மகள் ஸ்மாரோவும் குழந்தையும் இங்கே சுகம். சுகமில்லாதவன் நான்தான். போனில் சொல்ல நாக்கு கூசுவதால் எழுதுகிறேன்.

கழிப்பறை விஷயம், முகம் சுளிக்காதீர்கள். நம் நாட்டுக் குழாய்கள் ஒல்லி, காகிதம் போனால் அடைத்துக்கொள்ளும். துடைத்த காகிதத்தைப் பக்கத்து வாளியில் போட்டு, பையைக் கட்டித் தெருக்கோடித் தொட்டியில் எறிவதுதான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் வழக்கம். போன கோடையில் பூனைகள் பைகளைக் கிழித்து, காற்று அத்தனையையும் குழந்தைகள் குளிக்கும் கரைக்குக் கொண்டுபோனது உண்மைதான், மறுக்கவில்லை. அதற்காக ஸ்மாரோ ஒரு வாளியை மூன்று வாளியாக்கலாமா? காகிதமும் பஞ்சும் தலைமுடியும் பச்சை வாளியில். அது எலுமிச்சை மரத்தடியில் அவள் தோண்டிய குழிக்குப் போய், மண்ணும் சருகும் மூடி, வருஷம் கழித்து உரமாகுமாம். பிளாஸ்டிக் இன்னொன்றில், சவர பிளேடு மற்றொன்றில். என் வீட்டுக் கழிப்பறைக்குள் நானே யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.

என் பெயர் நாளன்று, என் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு, ஊரே வந்தது. உள்ளே போன பாதிரியார் வெளியே வரவில்லை. இனிப்புத் தட்டோடு எல்லோரும் காத்திருக்க, குரல் மட்டும் வந்தது: "ஸ்தமாத்தி, எந்த வாளிப்பா?" ஸ்மாரோ கதவருகே போய், "கையில என்ன இருக்குன்னு சொல்லுங்க சாமி, நான் சொல்றேன்" என்றாள். அத்தனை பேர் நடுவில். அவரும் சொன்னார்.

மறுநாள் காப்பிக் கடையில் என் சிநேகிதன் கோஸ்மாஸ், நான் கொண்டுபோன எலுமிச்சம்பழத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினான். "உன் மீனுக்கு நீயே பிழிஞ்சுக்கோ. உன் மருமக வாளியெல்லாம் அதுலதான எறங்குது." என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஊருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்தப் பழம் ஒன்றுதான். அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழியைச் சிமெண்டால் மூடிவிட்டேன். தங்கள் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு வருகிறது, உப்பும் சரியாக இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். ஆகவே சம்பந்தி, வந்து உங்கள் பெண்ணையும் அவள் வாளிகளையும் அழைத்துப் போங்கள். எனக்கு ஒரு வாளி போதும்.

தங்கள் வீட்டில் நோய் நொடி அண்டாமல், நோன்புக்கு நல்ல ஆலிவ் குறையாமல் இருக்கட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஸ்தமாத்திஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது பெட்டியும் குழந்தையுமாக வந்து நின்றாள். "நாளைக் கப்பல்ல போறேன் மாமா. இந்த வீட்டுல எல்லாமே நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. நான் செஞ்சதுன்னு இருந்தது அந்தக் குழிதான்" என்றாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழிக்கு ஓடினேன்; கொத்தனார் பாவி உறுதியாகப் போட்டிருக்கிறான், ஓரம்தான் பெயர்ந்தது. மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள்; அவள் இங்கேயே இருக்கட்டும். இந்தக் கடிதமும் அவள் ஏறும் கப்பலில்தான் வருகிறது. தபால்காரருக்கு முன்பே அவள் வந்துவிட்டால், கதவைத் திறக்காதீர்கள் சம்பந்தி.