யக்ஞநாராயணன் நினைவுப் பறவை மேடை

உலகில் பறவைகளை உண்மையாக நேசிக்கத் தெரிந்தவர்கள் கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, 'பூநாரை வியூ' குடியிருப்பில்தான் வாழ்கிறார்கள். மற்ற ஊர்களில் பறவை இருக்கும் இடத்துக்கு மனிதன் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவான். இங்கே பறவை இருந்த இடத்திலேயே குடியேறிவிட்டான். இதைவிட நெருக்கம் ஏது?

ஐப்பசி ஞாயிறு. குடியிருப்பின் 'பறவை நேசர் அணி' பச்சை டி-ஷர்ட்டில் சதுப்போரம் திரண்டது. முதலில் குழுப்படம், பிறகே பறவை. அது அணியின் மாறாத நெறி. எல்லோரும் பூநாரைகளுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தார்கள். உயரத்திலிருந்து படமெடுக்க ட்ரோன் கிளம்பியதும் பூநாரைகள் மொத்தமாக எழும்பிக் கோவளம் பக்கம் போயின.

"நமக்காகவே ஏர் ஷோ!" என்றாள் செயலாளர் விஷ்ணுப்ரியா. கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில், தோளில் பொன்னாடையோடு சிறப்பு விருந்தினர் பட்டு மாமி. கணவர் யக்ஞநாராயணன் ஆடியில் காலமானார் என்ற தகுதியே போதுமானதாக இருந்தது. அவருக்குப் பறவை நேசம் அவ்வளவாக வராது. விடியலில் தனியாக வந்து நிற்பார். வீடு திரும்பி, "ஊசிவால் வாத்து வந்தாச்சு, பட்டு" என்பார். டி-ஷர்ட்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, இங்கே மண் கொட்டக் கூடாது என்று வழக்குப் போட்டுத் தடையும் வாங்கி வைத்திருந்தார்.

அணித் தலைவர் பத்ரி மைக்கைப் பிடித்தார். "சார் நினைவா, சார் பேர்லயே, பறவை பார்க்கும் மேடை! பார்க்கிங் வசதியோட!"

"எங்கே வரது?" என்றாள் பட்டு.

"அதோ தண்ணி தெரியறதே, அங்கதான் மாமி."

"அப்போ தண்ணி?"

"மூடிடுவோம். மேடை ஸ்ட்ராங்கா நிக்கணுமோல்லியோ?"

"பறவை?"

"மேடை மேலேர்ந்து பார்த்தா பிரமாதமா தெரியும், மாமி!"

கட்டட இடிபாடு ஏற்றிய லாரியிலிருந்து டிரைவர் மோகன்ராஜ் தலையை நீட்டினான். "இன்னா சார், கொட்றதா வாணாமா? வண்டி சும்மா நின்னுகினு கீது."

"இருப்பா, மாமி ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அந்த வார்த்தைதான் பாக்கி. வழக்கு இப்போது வாரிசான பட்டுவின் கையில். அவள் வாபஸ் என்றால் தடை போய்விடும். கையெழுத்து வாங்க அணியின் வக்கீலும் பச்சை டி-ஷர்ட்டில் வந்திருந்தார்.

பத்ரி குரலை உருக்கமாகத் தாழ்த்தினார். மைக் தாழ்த்தவில்லை. "கேஸை விட்டுடுங்கோ மாமி. சார் இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பார்!"

பட்டு எழுந்து, பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள். பிறகு மைக்கை வாங்கினாள். அணி கைதட்டத் தயாரானது.

"கேஸை நான் நடத்தறேன். அவரைத் தகனம் பண்ணியாச்சு, பத்ரி. நீங்க மறுபடியும் புதைக்க வேண்டாம்."